இரண்டு அந்த்ரேக்களுக்கு நடுவே

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாத இரவு, நூலகத்திலிருந்து இரவல் எடுத்துவந்த ‘மை டினர் வித் அந்த்ரே’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1981இல் லூயி மால் இயக்கிய படம். இரண்டு பேர் ஓர் உணவகத்தில் இருந்து கதைக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் அது மட்டும்தான் நடக்கிறது. கட்டாயம் பார்க்கவேண்டும் என்று நண்பர் ஒருவர் பல தடவை சொல்லியிருந்ததால் பிடிவாதமாக இருந்து பார்த்தேன். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிவந்த மகள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் திரை தெரியாது.

“அப்பா, ரெக்ஸ் ஏன் இண்டைக்கு இவ்வளவு மெதுவாக் கதைக்குது?”

“இது பெரிய ஆக்களின்ரை படம், பிள்ளை. ரெக்ஸ் இதிலை இல்லை.”

“இல்லையப்பா, இது ரெக்ஸ்தான்.”

அவள் சொன்னது சரி. ‘டொய் ஸ்டோரி’ படங்களில் வருகிற பச்சை நிற பிளாஸ்டிக் டைனசோருக்குக் குரல் கொடுத்தவரும், என் முன்னால் திரையில் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்த கட்டையான, வழுக்கைத் தலை மனிதரும் ஒருவரே. பெயர் வொலஸ் ஷோன். அரை மணி நேரமாக அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, முகத்தையே காணாத பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த மனிதரை நான் தேடித் தேடிப் பார்த்தும் வாசித்தும் வருகிறேன்.

ஷோனைப் பற்றி எழுதுபவர்கள் அவரை இரண்டாகப் பிரித்துவிடுவதே வழக்கம். ஒருவர் நடிகர்: குழந்தைகளுக்கும் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கும் தெரிந்தவர், வேடிக்கையான குரலுக்குச் சொந்தக்காரர். மற்றவர் நாடகாசிரியர்: சிறிய அரங்குகளில், சில நேரங்களில் முப்பது பேருக்கு முன்னால் மட்டும் அரங்கேறும் கடினமான நாடகங்களை எழுதுபவர். முதலாமவர் உழைத்து இரண்டாமவருக்குச் சோறு போடுகிறார் என்பது பொதுவான விளக்கம். பகலில் உணவகத்திலும் பண்டகசாலையிலும் நின்றுவிட்டு இரவில் கவிதை எழுதும் நம்மவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துப்போகும். ஆனால் அது போதாது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு பேரும் ஒரே குரலில்தான் கதைக்கிறார்கள்.

அவருடைய பின்னணியை முதலில் சொல்லவேண்டும். 1943இல் நியூ யோர்க்கில் பிறந்தார். தந்தை வில்லியம் ஷோன் ‘த நியூ யோர்க்கர்’ சஞ்சிகையின் ஆசிரியராக 1952 முதல் 1987 வரை இருந்தவர். அமெரிக்க எழுத்துலகில் அதைவிடப் பெரிய கதிரை அந்தக் காலத்தில் இல்லை. மகன் ஹார்வார்டில் வரலாறு படித்தார், ஒக்ஸ்போர்டில் தத்துவமும் அரசியலும் பொருளியலும் படித்தார். இடையில், 1960களின் நடுவில், இந்தூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் நியூ யோர்க்கில் இலத்தீன் மொழி ஆசிரியராகவும், பிரதியெடுக்கும் கடையில் சிப்பந்தியாகவும் வேலை பார்த்தபடி நாடகம் எழுதினார். நடிகராகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. மாக்கியவெல்லியின் நாடகம் ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது, அதில் ஒரு சிறு வேடத்தையும் செய்யச் சொன்னார்கள். அதைப் பார்த்த ஒருவர் மூலமாக வூடி அலனின் ‘மன்ஹாட்டன்’ படத்துக்குப் போனார். அது 1979. அவருக்கு முப்பத்தைந்து வயது.

‘மன்ஹாட்டன்’ படத்தில் அவர் வரும் காட்சி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும். கதாநாயகி தன் முன்னாள் கணவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிவைத்திருக்கிறார்: ஆண்மை மிக்கவர், தன்னை ஆட்டிப்படைத்தவர். நாயகன் அந்த மனிதரை நினைத்து மனதுக்குள் வெந்துகொண்டிருக்கிறான். ஒரு நாள் கடையொன்றில் அவர் எதிரே வந்துவிடுகிறார். வந்து நிற்பவர் ஷோன். பார்வையாளர் சிரிக்கிறார்கள். சொல்லப்பட்டதற்கும் கண்ணால் கண்டதற்கும் இடையே இருந்த தூரமே அங்கு நகைச்சுவை.

எட்டு வருடங்களின் பின் ‘ரேடியோ டேஸ்’ படத்தில் வூடி அலன் அதே தந்திரத்தைத் திருப்பிப் போட்டார். வானொலி நாடகத்தில் வருகிற ‘முகமூடிப் பழிவாங்குவோன்’ என்ற வீரனை அந்தக் காலத்துச் சிறுவர்கள் ஆறடி உயர மாவீரனாகக் கற்பனை செய்கிறார்கள். அவனுடைய இரகசிய மோதிரத்தை வாங்கக் காசு திருடுகிறார்கள். ஒலிவாங்கியின் முன்னால் நின்று அந்தக் குரலைக் கொடுப்பவர் யாரென்று கமரா காட்டுகிறது: மீண்டும் ஷோன். குரலுக்கும் உடம்புக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையே அவருடைய தொழில் என்பதை ஹொலிவூட் அதற்குள் கண்டுபிடித்துவிட்டது. அசைபடங்கள் அவரைத் தேடிவந்ததற்கும் அதுவே காரணம். அசைபடத்தில் குரலுக்கு எந்த உடம்பையும் மாட்டிவிடலாம்.

1987இல் வந்த ‘த பிரின்ஸஸ் பிரைட்’ அவரை உலகறியச் செய்தது. ரொப் ரைனர் இயக்கியது. ஷோன் நடித்த விஸினி என்ற கடத்தல்காரன் தன்னைப் பூமியிலேயே பெரிய அறிவாளி என்று நம்புகிறவன். எதிர்பாராத எது நடந்தாலும் ‘நடக்கவே முடியாதது’ என்ற பொருளில் ஒரே சொல்லைக் கத்துவான். நடக்கவே முடியாதது ஒவ்வொரு முறையும் அவன் கண்முன்னால் நடக்கும். கடைசியில் தர்க்கத்தால் எதிரியை வென்றுவிட்டதாகச் சிரித்துக்கொண்டே செத்துவிழுவான். முப்பது வருடங்களாகத் தெருவில் போகிறவர்கள் ஷோனிடம் அந்த ஒரு சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

அந்தப் படப்பிடிப்பு முழுவதும் ஷோன் பயந்துகொண்டே இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வேடத்துக்கு டனி டிவிட்டோவையே முதலில் யோசித்தார்கள் என்று அவர் காதில் விழுந்திருந்தது. எந்த நாளும் தன்னை அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிடுவார்கள் என்று நடுங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். உயரமென்றாலும் அவருக்குப் பயம். செங்குத்துப் பாறையில் ஏறும் காட்சியில் மல்யுத்த வீரர் அந்த்ரே த ஜயன்ட்டின் உடம்போடு அவரைக் கட்டிவிட்டார்கள். ஏழடிக்கு மேல் உயரமான அந்த பிரெஞ்சுக்காரர், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன், பயப்படாதே என்று தட்டிக்கொடுத்தாராம். அதன்பின் பயம் போய்விட்டது என்கிறார் ஷோன்.

எட்டு வருடங்கள் கழித்து அவர் குரல் கொடுத்த ரெக்ஸுக்கும் இதே பயம்தான். தான் போதியளவு பயங்கரமாக இல்லை என்று ரெக்ஸ் கவலைப்படுகிறது. பிறந்தநாள் பரிசாக இன்னொரு டைனசோர், தன்னைவிட மூர்க்கமான ஒன்று வந்துவிடுமோ என்று அஞ்சுகிறது. பல்லும் வாலும் நகமும் கொன்றுதின்னும் மிருகத்தினுடையவை. குரல் மட்டும் சாதுவான, நெஞ்சு படபடக்கும் ஒரு பாடசாலை ஆசிரியருடையது. 1995, 1999, 2010, 2019 என்று நான்கு படங்களில் அந்தக் குரல் தொடர்ந்தது. இடையில் ‘த இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் காப்புறுதி நிறுவனத்தின் குட்டி மேலாளர், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் பேராசைக்கார வேற்றுக்கிரக வணிகர் தலைவர், ‘குளூலெஸ்’ படத்தில் களைத்துப்போன விவாத ஆசிரியர், ‘யங் ஷெல்டன்’ தொடரில் பேராசிரியர். எல்லோரும் தங்கள் அறிவை நம்புகிறவர்கள். எல்லோரையும் உலகம் ஏதோ ஒரு வகையில் மீறிப்போய்விடுகிறது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போகமுடியாது. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் வாடிக்கையாளருடன் கதைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்றாவது கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டு, என்னுடைய குரல் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை என்று மிக மரியாதையாகச் சொல்லி, பெட்டி அடுக்கும் பகுதிக்கு அனுப்பினார். ஷோனின் உச்சரிப்பில் நாக்குத் தடுமாறும். எழுத்துகள் பல்லுக்கிடையில் நசுங்கும். அந்தக் குரலை ஒருவரும் திருத்தச் சொல்லவில்லை. ‘வித்தியாசமானது’ என்று அதற்குப் பெயர் வைத்துக் காசு கொடுத்தார்கள். அவர் மீது எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் விசித்திரமாக இருப்பதற்கும் ஒரு முதலீடு தேவைப்படுகிறது என்பதை அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது நான் மறப்பதில்லை. இதை அவரும் மறக்கவில்லை என்பதே அவருடைய நாடகங்களின் சிறப்பு.

‘மை டினர் வித் அந்த்ரே’ படத்துக்குத் திரும்புகிறேன். எதிரே இருப்பவர் அந்த்ரே கிரெகரி, நாடக இயக்குநர், ஷோனின் ஆரம்ப நாடகத்தை மேடையேற்றியவர். இருவரும் தங்கள் உண்மையான உரையாடல்களைப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து பிரதியை எழுதி, தங்கள் பெயர்களிலேயே நடித்தார்கள். லூயி மால் அதை நியூ யோர்க்கில்கூட எடுக்கவில்லை. வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மூடிக்கிடந்த ஒரு விடுதியில் எடுத்தார். இதே மால்தான் 1969இல் வெளிவந்த ‘ஃபான்டம் இந்தியா’ ஆவணத் தொடரின் ஒரு பாகத்தைச் சென்னைக்கென்றே ஒதுக்கியவர். தேரோட்டத்தையும் கலாக்ஷேத்திர மாணவிகளின் ஆட்டத்தையும் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பொறுமை, இரண்டு பேர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் அவருக்கு உதவியிருக்கிறது.

படத்தில் அந்த்ரே தன் தேடல்களைச் சொல்கிறார். மொழி தெரியாத நாற்பது பேருடன் போலந்துக் காட்டில் இரவைக் கழித்தது, சகாராவுக்குப் போனது, ஒரு ஹலோவீன் இரவில் உயிரோடு குழியில் இறக்கி மூடப்பட்டது. மனிதர்கள் தூக்கத்தில் நடப்பதுபோல வாழ்கிறார்கள், சுகபோகம் அவர்களை மரத்துப்போகச் செய்துவிட்டது என்பது அவருடைய வாதம். வொலி என்ற பாத்திரமாக வருகிற ஷோன் நெடுநேரம் கேட்டுவிட்டுக் கடைசியில் வாய்திறக்கிறார். தன் மின்சாரப் போர்வையைத் தன்னால் விடமுடியாது, நியூ யோர்க் குளிர்கிறது என்கிறார். காலையில் எழும்பும்போது நேற்றைய ஆறிய கோப்பியில் கரப்பொத்தான் விழாமல் இருந்தால் அதுவே தனக்குச் சந்தோஷம் என்கிறார்.

படம் வந்தபோது பல விமர்சகர்கள் அந்த்ரேயை ஞானியாகவும் வொலியைச் சராசரி மனிதனாகவும் பார்த்தார்கள். ஷோனும் பின்னாளில், பயத்தால் இயங்குகிற அந்த வொலியை, தனக்குள் இருந்த அந்த ஆளை, அழித்துவிடவே அதை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். இதில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்களில் பலர் கிழக்கு ஐரோப்பியக் காடுகளை இரவில் பார்த்தவர்கள்தான். மொழி தெரியாதவர்களோடு, முன்னால் போகிறவனின் சப்பாத்துச் சத்தத்தை மட்டும் நம்பி நடந்தவர்கள். அங்கே எங்களுக்கு எந்த விழிப்பும் கிடைக்கவில்லை. கால் விரல்கள் விறைத்ததுதான் நினைவிருக்கிறது. அப்படி வந்து சேர்ந்த ஒருவருக்கு மின்சாரப் போர்வை ஆன்மாவைத் தூங்கவைக்கும் பொருளாகத் தெரியாது. விரும்பிப் போன காட்டுக்கும் வேறு வழியில்லாமல் போன காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் படம் யோசிக்கவே இல்லை. ஆனால் வொலியின் குரலில், அந்தத் தயக்கத்தில், அந்த நியாயம் இருக்கிறது. எழுதியவர் அழிக்க நினைத்த பாத்திரத்தை நடித்தவர் காப்பாற்றிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

அடுத்த பத்தாண்டில் ஷோன் தன்னைத்தானே கூண்டில் ஏற்றினார். 1985இல் வந்த ‘ஆன்ட் டான் அன்ட் லெமன்’ நாடகத்தில், நோயாளியான ஓர் இளம்பெண் நாஜிகளின் கொலைகளுக்கு அமைதியாக நியாயம் சொல்லி முடிக்கிறாள். அவளுக்கு மறுமொழி சொல்ல மேடையில் ஒருவரும் வருவதில்லை, பார்வையாளர்தான் வீட்டுக்குப் போய்த் தேடவேண்டும். 1990இல் ‘த ஃபீவர்’. ஒரே ஆளின் நீண்ட தனிமொழி. அதை அவர் முதலில் அரங்கில் செய்யவில்லை. நண்பர்களின் வீடுகளுக்குப் போய், வரவேற்பறைக் கதிரையில் இருந்தபடி, பத்துப் பேருக்கும் இருபது பேருக்கும் சொன்னார். 2007இல் அரங்கில் மீண்டும் செய்தபோது, நாடகத்துக்கு முன் பார்வையாளரை மேடைக்கு அழைத்து ஷாம்பெயின் கொடுத்தார்கள். பிறகுதான் தனிமொழி ஆரம்பிக்கும்.

உள்நாட்டு யுத்தம் நடக்கும் பெயரில்லாத ஏழை நாடொன்றில், ஒரு விடுதியின் குளியலறைத் தரையில் ஒரு வெளிநாட்டவர் காய்ச்சலோடு வாந்தியெடுத்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர். இசையும் நாடகமும் பிடித்தவர், நண்பர்களுக்கு இனியவர். காய்ச்சலில் ஒன்று தெளிவாகிறது: அவருடைய மென்மையான வாழ்க்கை யாரோ சிலரின் அடிவாங்கிய முதுகின்மேல் நிற்கிறது. அவருடைய நல்ல குணம் அந்த முதுகுக்கு ஒரு பயனும் செய்யவில்லை. ரெக்ஸை இங்கே தலைகீழாகப் பார்க்கிறேன். அங்கே மிருகத்தின் உடம்புக்குள் சாதுவான குரல், அந்தக் குரல்தான் உண்மை. இங்கேயும் அதே சாதுவான குரல், ஆனால் உடம்புதான் உண்மை: தான் தின்னும் மிருகம் என்பதைக் கண்டுபிடிக்கிறது. ஷோனின் வாயிலிருந்து வரும்போது முதல் பத்து நிமிடம் சிரிக்கிறோம். சிரித்துப் பழகிய பின் அந்தக் குரலை வெளியே தள்ள முடிவதில்லை.

இந்த நாடகத்தின் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த விடுதி இருக்கும் நாட்டைப் போன்ற ஒரு நாட்டிலிருந்து வந்தவன் நான். இங்கே வந்து விடுதிக் குளியலறைகளைக் கழுவியும் இருக்கிறேன். அந்தப் பிரதியில் நான் என்னைத் தேடினால், ஒரு நல்ல மனிதரின் குற்றவுணர்வுக்குள்தான் கிடைக்கிறேன். அங்குள்ள ஏழைக்குப் பெயர் இல்லை, பகிடி இல்லை, சின்னத்தனம்கூட இல்லை. வதைபடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை கொடுக்கப்படவில்லை. ஷோனிடம் கேட்டால், எனக்குத் தெரிந்த வாயால்தான் நான் பேசமுடியும் என்பார் என்று நினைக்கிறேன். அது நேர்மை. அந்த நேர்மையையும் மீறி ஒரு குறை அங்கே இருக்கிறது. இன்று இந்தக் குறை எங்களுக்கும் உரியது. வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் விடுதியில் தங்கி, போத்தல் தண்ணீர் குடித்து, வயிறு குழம்பிப் படுக்கிற நாங்கள் இப்போது அந்தக் குளியலறையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்? போன முறை ஊருக்குப் போய்வந்தபின் ‘த ஃபீவர்’ பிரதியைத் திரும்ப வாசித்தேன். என் வழக்கு பாதியாகக் குறைந்துவிட்டது.

‘த டெசிக்னேட்டட் மோர்னர்’ (1996) அவருடைய ஆகச் சிறந்த நாடகம் என்பது என் எண்ணம். கவிஞர் ஒருவர், அவர் மகள், மகளின் கணவன் ஜக். அடக்குமுறை ஆட்சியொன்று புத்தகம் வாசிக்கும் சிறு கூட்டத்தை ஒவ்வொருவராக ஒழிக்கிறது. ஜக் மட்டும் தப்பிவிடுகிறான். காரணம், அவன் அந்தக் கூட்டத்தில் முழுமனதோடு ஒருபோதும் சேரவில்லை. இறந்த இனமொன்றுக்குத் துக்கம் காக்க நியமிக்கப்பட்ட ஆளாக அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். காகிதத் துண்டொன்றைக் கொளுத்தி அந்தக் கடனை முடித்துவிட்டு, மாலைக் காற்றை அனுபவிக்கப் போய்விடுகிறான். லண்டனில் மைக் நிக்கல்ஸ் நடித்த ஜக் பாத்திரத்தை, 2000இல் நியூ யோர்க்கில் கைவிடப்பட்ட பழைய கழகக் கட்டடம் ஒன்றில் ஷோனே நடித்தார். மனைவி பாத்திரத்தில் அவருடைய துணைவியும் சிறுகதை எழுத்தாளருமான டெபரா ஐசன்பேர்க். யாழ் நூலகம் எரிந்த 1981இலிருந்து எத்தனையோ நினைவுக்கூட்டங்களில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சிற்றுண்டி மேசைக்கு நகர்ந்திருக்கிறேன். இந்த நாடகத்தை வாசித்தபோது எனக்குக் கூசியது.

நடிப்பும் எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது 1994இல் வந்த ‘வான்யா ஒன் ஃபோர்ட்டி செக்கண்ட் ஸ்ட்ரீட்’. மீண்டும் அந்த்ரே கிரெகரி, மீண்டும் லூயி மால். மாலின் கடைசிப் படமும் அதுதான். செக்கோவின் நாடகத்தை யாருக்கும் மேடையேற்றும் உத்தேசமில்லாமல் சில வருடங்களாக ஒத்திகை பார்த்துவந்த குழு, இடிந்துபோன ஒரு பழைய அரங்கில் கூடுகிறது. விருந்தாளியாக மாதுர் ஜாஃப்ரி வந்து ஓரமாக இருக்கிறார். நடிகர்கள் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஷோன் ஒரு வாங்கில் சரிந்து கண்ணயர்கிறார். எந்தக் கணத்தில் நாடகம் தொடங்கியது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். பின்பு வான்யா வெடிக்கும் காட்சி. தன் வாழ்க்கை வீணாய்ப்போனதே, தானும் ஒரு பெரிய சிந்தனையாளனாக வந்திருக்கலாமே என்று அவர் கத்துகிறார். அது விஸினியின் குரல். ரெக்ஸின் குரல். முதலில் சிரிப்பு வருகிறது. சிரிப்பு முடியுமுன் தொண்டை அடைக்கிறது.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன நத்தார் விடுமுறைக்கு வந்தபோது இந்தப் படத்தை அவளோடு இருந்து பார்த்தேன். தமிழ் இப்போது அவளுக்குக் கொஞ்சம் தடக்குகிறது, நானும் திருத்துவதில்லை. வான்யா கத்தும் காட்சி முடிந்ததும் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

“அப்பா, உங்களை அந்த போன் வேலையிலை இருந்து மாத்தேக்குள்ளை நீங்கள் இப்பிடிக் கத்தினீங்களா?”

இல்லை என்றேன். பெட்டி அடுக்கப் போனேன் என்றேன்.